கற்கச் சென்றோரின் கடன்

தலைவன் தலைவியைப் பிரிதற்குரிய காரணங்களுள் ஓதலையும் ஒன்றாக வைத்தது தொல்காப்பியம். அப்பிரிவு மூன்று ஆண்டுகளைக் கடவாது என்ற வரையறையையும் அது கூறிற்று. சென்றவன் மீள்வான் என்பதே அதன் உட்கிடை. இன்று ஒரு கல்விப் பருவத்தை மட்டும் ஐரோப்பியத் தொல்நகரொன்றிற் கழித்து மீளும் வாய்ப்பு இலங்கை மாணவர் சிலருக்குக் கிட்டுகின்றது. காலம் குறுகியதாயினும், அவ்வாறு கற்றவர் யாருக்குக் கடன்பட்டவர் என்ற வினா எழவே செய்கின்றது. பதுளையை அடுத்த தோட்டமொன்றின் லயத்திலிருந்து ஒரு மாணவி இலண்டன் செல்வதாகக் கொள்ளின், அவ்வினா மேலும் கூர்மை பெறும்.

அந்நகரின் நூலகங்களையும் நூதனசாலைகளையும் காணும் அவள், தன்னை அதன் தயவில் வாழும் விருந்தாளியாகக் கருதுதல் இயல்பே. ஆயின் வரலாறு வேறொன்றையும் சொல்கின்றது. 1890இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியிலே தோட்டங்களை வாங்கினார். ஊவாவின் கொழுந்து தேயிலையாகி இலண்டன் ஏலத்தை அடைந்தது. 1679இல் தொடங்கிய அவ்வேலம் 1998இலேதான் முடிவுற்றது. தேயிலை வணிகத்தின் நடுவிடமாய் விளங்கிய மின்சிங் லேன் வீதியின் செல்வத்தில், அவளுடைய பாட்டிமாரின் விரல்களுக்கும் பங்குண்டு. ஆதலின் அந்நகரில் அவள் நன்றியுடன் இருக்கலாம். கூனிக் குறுகி நிற்க வேண்டியதில்லை.

நகருக்குப் பட்ட கடன் இத்தகையதெனின், தோட்டத்துக்குப் பட்ட கடன் யாது? குறித்த நிறைக்குக் கொழுந்து சேராத நாளில் அரைப்பேரே விழுந்தும், அக்கூலியிலே மகளைப் படிக்கவைத்த தாய்க்கு அவள் கடன்பட்டவளல்லளோ என்பர். கற்றபின் அவள் திரும்பி வந்து தன் மக்களுக்கே உழைத்தல் வேண்டும் என்பது பலரின் எதிர்பார்ப்பு.

இவ்வெதிர்பார்ப்பிலே ஓர் அநீதி மறைந்திருக்கின்றது. கொழும்புச் செல்வரின் மகன் இலண்டனிலேயே தங்கிவிடின், அதனை அவனது முன்னேற்றம் என்று வாழ்த்துவோர், லயத்து மகள் தங்கினால் நன்றி மறந்தாள் என்கின்றனர். வறியவருக்கு மட்டும் விதிக்கப்படும் அறம் அறமாகாது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட சமூகமொன்றின் பிள்ளையிடம் மேலும் ஒரு சுமையை ஏற்றுதல் எவ்வாறு தகும்?

இதற்கு விடை காண, இருவரின் வாழ்வை நோக்கலாம். கேம்பிறிட்ஜிலே கற்று, 1875இல் இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்தவர் பொன்னம்பலம் அருணாசலம். ஓய்வுபெற்றபின், 1919இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை நிறுவி, ஒப்பந்தத்தை மீறிய தோட்டத் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பிய சட்டம் ஒழிய வேண்டுமெனக் குரல் கொடுத்தார். இலண்டனிலே ஹரல்ட் லஸ்கியிடம் அரசியல் கற்றவர் என். எம். பெரேரா. 1940 மே மாதத்தில் ஊவாவிலே வேலைநிறுத்தங்கள் பரவியபோது, அவர் பதுளைக்கு வந்து கூட்டத்தில் உரையாற்றினார். வெவெஸ்ஸ தோட்டத் தொழிலாளரோ தாமே ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். தோட்டத்துரையும் அதனைக் கலந்து செயற்பட இணங்கினார். இலண்டன் விரிவுரை மண்டபங்களில் விளக்கப்பட்ட மக்களாட்சியைப் பள்ளிக்கூடத்தையே அதிகம் காணாத மக்கள் மலைச்சரிவிலே நடத்திக் காட்டினர். அடுத்த மாதமே பெரேரா சிறைப்படுத்தப்பட்டார்.

இவ்விருவரும் லயத்திற் பிறந்தவரல்லர். தோட்டத்துத் தாயின் கூலியிற் படித்தவருமல்லர். எனினும் கடனை உணர்ந்தனர். எனவே இக்கடன் பிறப்பினால் வருவதன்று, அறிவினால் வருவது என்பது தெளிவாகும். அநீதி இன்னதென்று கற்றவர், அதனைக் கண்ட இடத்திலே காணாதவர் போல் இருக்கும் உரிமையை இழந்துவிடுகின்றார். அக்கடன் செல்வர் மகனுக்கும் லயத்து மகளுக்கும் ஒன்றே. அவனிடம் அதனைக் கேளாது அவளிடம் மட்டும் கேட்போர், தம் கடனையும் அவள் தோளிலேயே ஏற்றுகின்றனர்.

அவள் எங்கு வாழ்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும். மீளுதல் என்பது உடலின் பயணம் மட்டுமன்று. இலண்டனிற் பெற்ற அறிவைக் கொண்டு அவள் லயத்தின் வாழ்வை ஆராய்வாளாயின், லயத்திற் பெற்ற அறிவைக் கொண்டு இலண்டனின் செல்வத்தையும் வினாவுவாளாயின், எங்கிருப்பினும் அவள் மீண்டவளே. பதுளையிலேயே வாழ்ந்தும் அவ்வினாவை எழுப்பாத கற்றோர்தாம் இன்னும் மீளாதவர்.