யாருக்காக இட்ட கையெழுத்து?

பிப்ரவரி நடுவில் அமெரிக்காவின் ஃபுளோரிடா, அரிசோனா மாநிலங்களில் பேஸ்பால் அணிகளின் பயிற்சி முகாம்கள் தொடங்கும். ஆட்டக்காரர்கள் வந்து சேரும்போதே அவர்கள் பெயருக்குக் கடிதங்கள் குவிய ஆரம்பித்துவிடும். சீசன் வந்துவிட்டால் ஏறக்குறைய தினமும் ஆட்டம், ஊர் ஊராகப் பயணம். முகாம் நாட்களில்தான் லாக்கர் முன்னால் உட்கார்ந்து நாலு கடிதத்தைப் பிரித்துப் பார்க்க அவர்களுக்கு நேரம் கிடைக்கும். தபால் வழியாகக் கையெழுத்துச் சேகரிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி.

அவர்கள் அனுப்பும் உறைக்குள் கையால் எழுதிய ஒரு பக்கக் கடிதம் இருக்கும். ஆட்டக்காரரின் படம் அச்சிட்ட கார்டு ஒன்றோ இரண்டோ இருக்கும். அனுப்பியவரின் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய இன்னொரு உறையும் மடித்து வைக்கப்பட்டிருக்கும். புதுக் கார்டின் பளபளப்பில் மை ஒட்டாமல் திரண்டு நிற்கும் என்பதால், சிலர் ரப்பரால் அதை மெல்லத் தேய்த்து அனுப்புவார்கள். சிலர் குழந்தைகளுக்குப் போடும் பவுடரைத் தடவித் துடைத்துவிட்டு அனுப்புவார்கள். பிறகு காத்திருக்க வேண்டியதுதான். பதில் பத்து நாளில் வரலாம், பத்து மாதம் ஆகலாம், வராமலே போகலாம். வந்தால், அந்த உறைமேல் இருக்கும் முகவரி அவரவர் கையாலேயே எழுதியதாக இருக்கும்.

சில வினாடிகளில் கிறுக்கிய கோடுகளுக்காக ஒருவர் ஏன் இப்படிக் காத்துக் கிடக்கிறார்? அந்தக் கோடுகளில் உண்மையில் என்ன இருக்கிறது? பார்வைக்குச் சின்னப் பொழுதுபோக்கு. ஆனால் அது எழுப்பும் கேள்வி சமயங்களுக்கு மிகப் பழக்கமானது. பெரியோர் ஒருவரின் கை பட்ட பொருளில் அவர் இருக்கிறாரா?

பௌத்தம் இதை வெகு காலத்துக்கு முன்பே யோசித்து வகைப்படுத்தியது. புத்தரின் எலும்பும் பல்லும் சாரீரிகம். அவர் பயன்படுத்திய பிச்சைப் பாத்திரமும் அவர் கீழமர்ந்த போதி மரமும் பாரிபோகிகம். அவரை நினைவூட்டும் உருவங்கள் உத்தேசிகம். கத்தோலிக்கத் திருச்சபையும் புனிதர்களின் உடலை முதல் வகை என்றும், அவர்கள் உடுத்திய ஆடை போன்றவற்றை இரண்டாம் வகை என்றும், அவற்றைத் தொட்ட பொருளை மூன்றாம் வகை என்றும் பிரித்து வழங்கிவந்தது. வைணவக் கோயிலில் சடாரி தலையில் படும்போது பெருமாளின் திருவடியே தம்மேல் பட்டதாக அடியார் உணர்கிறார். தொடுதல் வழியாக அருள் கடந்து வருகிறது என்ற நம்பிக்கை இவை அனைத்துக்கும் பொது.

கையெழுத்துச் சேகரிப்பையும் இதே வரிசையில் வைத்து, விளையாட்டு இன்றைய மதம், வீரர்கள் அதன் புனிதர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அந்தப் பேச்சு ஒரு முக்கியமான வேறுபாட்டைத் தவறவிடுகிறது. வீரர் வீசிய மட்டையும் அணிந்த சட்டையும் ஆட்டத்துக்காக இருந்தவை. ஆட்டம் முடிந்தபின் மிஞ்சியவை. அவற்றை யார் எடுத்து வைத்துக்கொள்வார் என்று அவர் நினைத்துப் பார்த்திருக்கவே மாட்டார். கையெழுத்து அப்படி மிஞ்சியது அன்று. பெறுபவர் ஒருவர் கேட்டதால் மட்டுமே அது பிறக்கிறது. அதற்கு வேறு பயனே இல்லை. மட்டையை மிச்சம் என்றால் கையெழுத்தைக் கொடை என்றுதான் சொல்ல வேண்டும். அதன் மதிப்பை மையிலும் தாளிலும் தேடுவதைவிட, ஒருவர் தமக்குக் கடமையே இல்லாத இன்னொருவருக்காக ஒதுக்கிய அந்தச் சில வினாடிகளில் தேடுவதே பொருத்தம்.

சந்தை இதை ஒரு விசித்திரமான வழியில் ஒப்புக்கொள்கிறது. வெறும் கையெழுத்து மட்டும் உள்ள கார்டு பெரும்பாலும் நல்ல விலைக்குப் போகும். பெறுபவரின் பெயரையும் சேர்த்து, இன்னாருக்கு அன்புடன் என்று எழுதிய கார்டின் விலை பொதுவாகச் சரிந்துவிடும். விற்பதற்காகவே கேட்பவர்களைத் தடுக்க, சில வீரர்கள் வேண்டுமென்றே பெயர் போட்டுத்தான் கையெழுத்திடுகிறார்கள். எது அதை உண்மையான கொடையாக்குகிறதோ அதுவே அதைச் சரக்காகாமல் காக்கிறது. 1983ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் புனிதப் பண்டங்களை விற்பதை அடியோடு தடை செய்திருக்கிறது. அருளாக வந்ததை விலையாக்கக் கூடாது என்ற அதே உணர்வை, எந்த இறையியலும் பேசாமல், ஒரு பேஸ்பால் வீரர் தம் மார்க்கர் பேனாவால் நிறைவேற்றுகிறார்.

சைவ மரபில் இதைவிடப் பெரிய கையெழுத்துக் கதை ஒன்று உண்டு. தில்லையில் மாணிக்கவாசகர் சொல்லச் சொல்ல, அந்தணர் வடிவில் வந்த இறைவன் திருவாசகத்தை ஏட்டில் எழுதி, இறுதியில் தம் ஒப்பத்தையும் இட்டு, சிற்சபையின் பஞ்சாட்சரப் படியில் வைத்துவிட்டு மறைந்தார் என்பது வரலாறு. எழுதியவர் சிற்றம்பலமுடையான் என்று சொல்லும் அந்த ஒப்பம், சொன்னவர் மாணிக்கவாசகர் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. சொன்னவர் பெயரும் எழுதியவர் பெயரும் ஒரே ஏட்டில். இறைவனே கையெழுத்திட்டபோதும் தன் பெயரைத் தனியாக இடவில்லை.

கொடை என்று ஒப்புக்கொண்டால்தான் போலி ஏன் வலிக்கிறது என்பது விளங்கும். 1990களின் இறுதியில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் சான் டியேகோவை மையமாக வைத்துக் கையெழுத்து மோசடிக் கும்பல்களைத் தேடிப் பிடித்தது. அந்த ஊர் அணியின் நட்சத்திரம் டோனி க்வின், தம் பெயரிட்ட பொருட்கள் விற்பனைக்கு இருந்ததைப் பார்த்து, அவை தம் கையெழுத்தே இல்லை என்று சொன்னதும் அந்த விசாரணைக்குத் துணையாயிற்று. பிடிபட்ட போலிகளில் அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால் பந்துகளும் இருந்தன. கொல்கத்தாவில் தொழுநோயாளிகளின் புண்ணைத் துடைத்தவரின் பெயரைப் பந்தில் எழுதினாலும் காசாகும் என்று ஒருவர் கணக்குப் போட்டிருக்கிறார். வாங்குபவரின் பக்தியைத்தான் அவர் முதலாக வைத்தார்.

போலியில் கோடுகள் அச்சு அசலாக இருக்கலாம். கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாது. ஆனாலும் உண்மை தெரிந்த அந்த நொடியில் பொருள் செத்துப்போகிறது. நடந்ததாக நம்பிய ஒன்று நடக்கவே இல்லை என்பதுதான் காரணம். பெரியபுராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் அவையோர் செய்ததும் இதைப் போன்ற ஆய்வுதான். சுந்தரர் தமக்கு அடிமை என்று சொல்லி முதிய அந்தணர் மூல ஓலையை நீட்டியபோது, அவையோர் சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்துள்ள வேறோர் ஓலையை வரவழைத்து, இரண்டையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எழுத்தின் அழகை மெச்சவா அவர்கள் கூடினார்கள்? ஓர் உறவு உண்மையிலேயே ஏற்பட்டதா என்று அறியத்தான் அந்த எழுத்தைப் பார்த்தார்கள்.

இயந்திரக் கையெழுத்து இன்னும் நுட்பமான சிக்கல். ஆட்டோபென் என்ற கருவி ஒருவரின் கையெழுத்தை உண்மையான பேனாவால், உண்மையான மையால், அப்படியே போட்டுத் தரும். 2004இல், போரில் இறந்த வீரர்களின் குடும்பங்களுக்குப் போன இரங்கல் கடிதங்களில் தாம் தனித்தனியாகக் கையெழுத்திடவில்லை என்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் ஒப்புக்கொண்டார். இனித் தாமே இடுவதாகவும் உறுதி கூறினார். 2022இல் பாடகர் பாப் டிலனின் புத்தகம், அவரே கையெழுத்திட்ட பிரதி என்ற பெயரில் 599 டாலருக்கு விற்கப்பட்டது. பிறகு அது ஆட்டோபென் வேலை என்று தெரிந்தது. பதிப்பகம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, டிலனும் மன்னிப்புக் கேட்டார். மகனை இழந்த தாய் அந்த இரங்கல் கடிதத்தில் எதிர்பார்த்தது அழகான கோடுகளையா? தன் பிள்ளையின் பெயரை அந்த மனிதர் ஒரு தடவையாவது கண்ணால் பார்த்தார் என்ற உறுதியை. இயந்திரத்தால் அதைத் தர முடியாது.

இந்த இடத்தில் பில் ரஸ்ஸலின் மறுப்பைக் கேட்காமல் போகக் கூடாது. பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து அணிக்காகப் பதின்மூன்று சீசன் ஆடிப் பதினொரு சாம்பியன் பட்டம் வென்றவர். ஆட்டக்காலத்திலேயே கையெழுத்திட மறுக்க ஆரம்பித்தார். கையெழுத்து மனிதரோடு மனிதர் பழகுவதற்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது என்பது அவர் வாதம். கேட்டு வருபவரிடம் கையெழுத்துக்குப் பதில் கை குலுக்கவும் உட்கார்ந்து பேசவும் அவர் தயாராக இருந்தார். பலர் அவரைத் திமிர் பிடித்தவர் என்றார்கள். உண்மையில் கையெழுத்து வேட்டையின் மிகக் கூர்மையான விமர்சனம் அது. முகத்தைக்கூடப் பார்க்காமல் தாளை நீட்டி, வாங்கிக்கொண்டு, அடுத்தவரிடம் ஓடுகிறவருக்குக் கிடைப்பது கொடை ஆகாது. பிடுங்கிக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் தபால் வழி அப்படிப்பட்டதாக இருக்க வேண்டியதில்லை. கேட்பவர் முதலில் உட்கார்ந்து எழுதியாக வேண்டும். எழுதுவதற்கு ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். பெறுபவர் தமக்கு வசதியான நேரத்தில் பிரிக்கலாம், படிக்கலாம், படித்துவிட்டு மறுக்கவும் செய்யலாம். யாரும் அவர் சட்டையைப் பிடித்து இழுப்பதில்லை. ரஸ்ஸல் கேட்ட மனித உறவுக்கு, அரங்க வாசலைவிடக் கடிதத்தில்தான் இடம் அதிகம்.

அந்த இடத்தை ராபர்ட்டோ கிளமெண்ட்டே முழுமையாகப் பயன்படுத்தினார். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் இந்த வீரர், வெளியூர் ஆட்டங்களுக்குப் புறப்படுமுன் தமக்கு வந்த கடிதங்களைப் பிரித்து, அணி போகப்போகும் ஊர்களில் உள்ள குழந்தைகளின் கடிதங்களைத் தனியாக எடுத்து வைப்பார். அந்த ஊருக்குப் போனதும் ஆஸ்பத்திரியில் கிடக்கும் நோயாளிக் குழந்தைகளைப் போய்ப் பார்ப்பார். கையெழுத்து கேட்ட கடிதத்துக்கு ஆளே பதிலாக வந்து நின்றார். 1972 டிசம்பர் 31 அன்று, நிகரகுவா பூகம்பத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானம் கடலில் விழுந்து அவர் இறந்தார். அந்தப் பயணமும் யாரும் கேட்டுப் பெறக்கூடிய கடமையாக இருக்கவில்லை.

கொடுப்பவர் பக்கம் இன்னொரு பொறுப்பும் உண்டு. மின்னசோட்டா அணியின் ஹார்மன் கில்லிப்ரூ 573 ஹோம் ரன் அடித்தவர். தம் பெயரை எப்போதும் எழுத்தெழுத்தாக, படிக்கும்படி எழுதுவார். இளைய வீரர் டோரி ஹண்டர் அவசரமாகக் கிறுக்கியதைப் பார்த்து அவரைக் கண்டித்தார். என்றோ ஒரு நாள் ஒரு பிள்ளை அந்தப் பந்தைப் புல்லுக்குள் கண்டெடுத்தால், இதை எழுதியவர் யார் என்று தெரிய வேண்டாமா என்பது அவர் கேள்வியின் சாரம். ஹண்டர் அதன் பிறகு தம் கையெழுத்தைத் தெளிவாக்கிக்கொண்டார். அதை வெளிப்படையாகச் சொல்லியும் வந்தார். பெறுபவர் இன்னும் பிறக்காதவராக இருந்தாலும் அவரை நினைத்தே எழுத வேண்டும் என்பது கில்லிப்ரூவின் அறம்.

கிறிஸ்தவ வீரர்கள் சிலர் தம் பெயருக்குக் கீழே பிலிப்பியர் 4:13 போன்ற விவிலிய வசன எண் ஒன்றையும் எழுதுகிறார்கள். தம்மை நோக்கி வந்த வணக்கத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளாமல், அது போய்ச் சேர வேண்டிய இடம் என்று தாம் நம்புவதைக் காட்டி அனுப்பிவிடுகிறார்கள். கையெழுத்தைப் போற்றுவது விக்கிரக வழிபாடாகிவிடுமோ என்று அஞ்சுபவருக்குக் கையெழுத்திட்டவரே சொல்லும் பதில் அது.

கொடை என்றால் கேட்டவருக்கு உரிமை கிடையாது. பதில் வராத கடிதங்கள் எந்தச் சேகரிப்பாளருக்கும் நிறைய உண்டு. அதற்காக வீரரைத் திட்டுபவர் தாம் கேட்டது என்ன என்பதையே மறந்துவிட்டார். முகவரியைத் தேடி ஐந்தாறு முறை எழுதி நச்சரிப்பவரும், ஒரே உறையில் பத்துக் கார்டு திணிப்பவரும் கேட்பதைக் கடனாக்கிவிடுகிறார்கள். மௌனத்தையும் ஒரு முழுமையான பதிலாக ஏற்க முடிந்தவரே இந்தப் பழக்கத்துக்குத் தகுதியானவர்.

கொடை எப்போதும் ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே வருவதும் இல்லை. அமெரிக்காவில் 1943 முதல் 1954 வரை பெண்களுக்கான தொழில்முறை பேஸ்பால் லீக் ஒன்று நடந்தது. லீக் கலைந்தபின் அதில் ஆடியவர்களைப் பல பத்தாண்டுகள் யாரும் நினைக்கவில்லை. 1988இல் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் அருங்காட்சியகம் இந்த ஆட்டம் ஆடிய பெண்களுக்காக ஒரு காட்சிக்கூடம் திறந்தது. 1992இல் அந்த லீக்கைப் பற்றிய 'எ லீக் ஆஃப் தேர் ஓன்' படம் வந்தது. அதற்குள் பாட்டிகளாகிவிட்ட அந்த வீராங்கனைகளுக்கு, முன்பின் தெரியாத ஊர்களிலிருந்து கையெழுத்து கேட்டுக் கடிதங்கள் போகத் தொடங்கின. தம் ஆட்டம் யாருக்கோ இன்னும் நினைவிருக்கிறது என்ற செய்தி அவற்றில் போயிற்று. அங்கே கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று பிரிப்பது கடினம்.

ஆகவே இந்தப் பழக்கத்தைத் தொடங்க நினைப்பவர்கள் உச்சியில் இருக்கும் நட்சத்திரத்தை விட்டுவிட்டு, ஓய்வுபெற்ற, பெயர் மங்கிய ஒருவருக்கு முதல் கடிதத்தை எழுதுங்கள். அவருடைய எந்த ஆட்டம் உங்கள் மனதில் நின்றது என்பதை நாலு வரியாவது சொல்லுங்கள். ஒரே ஒரு கார்டு வையுங்கள். உங்கள் பெயரையும் சேர்த்து எழுதித் தரும்படி கேளுங்கள். பதில் வந்தால் நன்றி எழுதிப் போடுங்கள், வந்ததை விற்காதீர்கள்.