உடலோம்பலும் திருத்தொண்டும்

மக்கட்கு ஒரு நாளில் வாய்க்கும் ஆற்றல் அளவுடையது. அதனை உடற்பயிற்சியிற் செலவிடுவதா, இறைவழிபாட்டிற் செலவிடுவதா என்னும் வினா அன்பர் பலருள்ளத்தே எழக் காண்கின்றோம். உடம்பு மாயையின் காரியம், நிலையாதது. ஆதலின் அதனைப் பேணுதல் வீண் என்பார் ஒருசாரார். உடம்பு வலிபெற்றாற் போதும், வழிபாட்டை முதுமையிற் பார்த்துக்கொள்ளலாம் என்பார் மற்றொருசாரார். இவ்விரு கொள்கையும் சித்தாந்தத்திற்கு ஒவ்வாமையை ஈண்டு ஆராய்வாம்.

தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கனையும் மாயையினின்று தோற்றுவித்து உயிர்கட்கு அளிப்பவன் இறைவன். அளித்தது தன்பொருட்டன்று, ஆணவ இருளில் அழுந்திய உயிர் வினையை நுகர்ந்து கழித்து, அறிவு விளங்கி, அவன் திருவடி சேர்தற்பொருட்டேயாம். அங்ஙனமாயின் உடம்பு நமக்கு உரிய பொருளன்று. ஒரு பயன் கருதித் தரப்பட்ட இரவற்பொருள். இரவற்பொருளைச் சிதைப்பவனும் குற்றவாளி. அதனைத் தன்னதென்று கொண்டு, கொடுத்தவனை மறப்பவனும் குற்றவாளி.

மாயையை இரவில் உதவும் விளக்கிற்கு ஒப்பிடுதல் சித்தாந்த மரபு. அவ்வுவமையை நம் வினாவிற்கும் பொருத்திக் காண்க. எப்படியும் பொழுது புலரும் என்று விளக்கிற்கு நெய் வாராதிருப்பவன் இருளில் இடர்ப்படுவான். இரவு முழுதும் விளக்கின் தண்டையே துலக்கிக்கொண்டிருந்து, அதன் ஒளியில் ஏட்டினைப் பிரித்துப் பாராதவனோ விளக்கிருந்தும் பயன் பெறான்.

இனி, நம் ஆசிரியர்கள் வகுத்த நெறியில் இவ்விரண்டும் பகைத்து நிற்பனவல்ல. சிவஞான சித்தியார் சரியைக்குரியனவாகக் கூறுவன யாவை? திருக்கோயில் அலகிடல், மெழுகல், மலர் கொய்தல், மாலை தொடுத்தல், திருவிளக்கிடல் முதலியன. இவை அனைத்தும் கையும் காலும் முதுகும் வளைந்து செய்யும் பணிகள். வைகறை எழுந்து நந்தவனத்திற்கு நீரிறைப்பவனுக்கு வேறு பயிற்சி வேண்டுமோ? கிரியையிலோ நெடும்பொழுது நிமிர்ந்திருத்தல் வேண்டும். யோகத்திற்குரிய ஆதனமும் பிராணாயாமமும் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்தில் விளக்கப்பட்டுள்ளன. அண்ணாமலையை வலம்வருவார் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நடக்கின்றனர். அந்நடையை வழிபாடு என்பதா, பயிற்சி என்பதா?

இக்காலத்தே நம்மவரிற் பலர் நாற்காலியில் இருந்து தொழில் செய்வோர். கோயிற்பணியும் பெரும்பாலும் கூலியாட்கள் கையிற் போயிற்று. அதனாலேயே இவ்வினா எழுந்தது. யாமும் இளமையில் நூலும் செபமுமே போதுமென்றிருந்து, நடத்தலையும் இகழ்ந்தோம். ஐம்பதாம் அகவையில் முழங்கால் மடங்க மறுத்தது. சந்நிதியில் வீழ்ந்து வணங்கவும் இயலாது தூணைப் பற்றி நின்றபொழுது, இகழ்ந்தது உடம்பையன்று, வணக்கத்தையே என்று உணர்ந்து நாணினோம்.

அற்றேல், காரைக்காலம்மையார் தம் உடற்பொறையை உதறிப் பேய்வடிவு வேண்டிப் பெற்றதும், திருநாவுக்கரசர் கயிலை செல்லும் வழியில் கால் தேயக் கையாலும், கை தேய மார்பாலும் சென்றதும் என்னையெனின், கூறுதும். அம்மையார் நீத்தது கணவன்பொருட்டுத் தாங்கிய வனப்பை. பாடும் நாவையும் கயிலைக்குத் தலையால் நடந்த ஆற்றலையும் நீத்தாரல்லர். நாவுக்கரசரோ உழவாரப்படை தாங்கித் தலந்தோறும் புல் செதுக்கிய உடம்பினர். பணியில் உரம்பெற்ற அவ்வுடம்பை இறுதியிற் பணிக்கே செலவிட்டார். உடம்பைச் சோம்பலால் தேயவிடுதல் வேறு. அன்பினால் தேய்த்தல் வேறு. தேய்ந்த உறுப்புக்களை இறைவன் மீள அளித்தனன் என்னும் பெரியபுராணச் செய்தியும் ஈண்டுச் சிந்திக்கற்பாலது.

ஆயின் நோயாளரும் முதியோரும் வழிபாட்டிற்கு உரியரல்லரோ என்று கலங்கவேண்டா. நாவுக்கரசர் திருவதிகையை அடைந்தது சூலைநோயின் கொடுமை தாங்காமலே. தண்டியடிகள் பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். ஆயினும் திருவாரூர்க் குளத்தில் தறி நட்டுக் கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண் சுமந்தார். உள்ள வலி எவ்வளவோ அவ்வளவே இறைவன் ஏற்பது. படுக்கையிற் கிடப்பார் நாவசைத்து ஐந்தெழுத்தை எண்ணுவரேல், அதுவே அவர்தம் முழுவலியையும் செலுத்திய பணியாம். இல்லாத வலிக்கு வருந்துதல் வேண்டா. உள்ள வலியை ஒளித்தலே பிழை.

இறுதியாக ஒன்று. திரண்ட தோளைக் கண்டு 'யான்' என நிமிர்வதும் ஆணவமே; பட்டினியால் மெலிந்த உடம்பைக் கண்டு 'யான் தவசி' என நிமிர்வதும் ஆணவமே. பின்னையதோ தவக்கோலம் பூண்டு வருதலின் அறிதற்கு அரிது. ஆதலின் அன்பர்கள் நாடோறும் தம்மைக் கேட்டுக்கொள்ளத்தக்கது இது: இன்று பெற்ற வலி எவர்க்குப் பயன்பட்டது? பயிற்சிக்குப்பின் பூசையில் உள்ளம் தெளிந்து நின்றதாயின், அப்பயிற்சி பூசையின் அங்கமாம். பூசைக்குப்பின் ஓர் அடியார்க்குக் கைகொடுக்கவும் ஆற்றாது சோர்ந்து வீழ்ந்தோமாயின், நம் முறையில் ஏதோ பிழையுண்டு. கொடுத்தவன் கேட்கும் நாளில், இரவற்பொருள் அவன் பணியிலே தேய்ந்தது என்று கூறும் பேறு நமக்கு வாய்ப்பதாக.

திருச்சிற்றம்பலம்.