நாளைக்கு வந்துவிடும்

ஒரு பொருள் எப்போது வரும் என்று அறியாத ஒருவர், கேட்டவர் மனம் நோகக்கூடாதென்று, 'நாளைக்கு வந்துவிடும்' என்று சொன்னால் அது பொய்யாகுமா? பனியன் தொழில் செய்கிறவர்களோடு பழகத் தொடங்கிய பிறகு இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி எழுகிறது.

திருப்பூர் ராயபுரத்தில் என் நண்பர் ஒருவர் நான்கு நிட்டிங் மெஷின் வைத்திருக்கிறார். முப்பது அங்குல விட்டமும் இருபத்துநாலு கேஜும் உள்ள ஒரு வட்ட மெஷினில் ஏறக்குறைய 2,260 ஊசிகள் உண்டு. அவற்றில் ஒன்று பழுதானாலும் துணியின் நீளம் முழுவதும் கோடு விழும். சாயம் ஏறித் திரும்பிய பிறகு அது பளிச்சென்று தெரியும். நாலைந்து ஊசி என்றால் கடையில் கைமேல் கிடைக்கும். நண்பருக்கோ முழுச் செட்டையும் மாற்ற வேண்டி வந்துவிட்டது. கடைக்காரர் முன்பணம் வாங்கிக்கொண்டு, "நாளைக்கு வந்துருமுங்கண்ணா" என்றார். எட்டு நாளும் அதே பதில், அதே பணிவு.

நண்பருக்குக் கோபமில்லை. "மேலே ஒருத்தர் சொன்னதைத்தானுங்க அவரும் சொல்றாரு" என்கிறார். நியாயந்தான், ஊசி மறுநாளே வந்திருக்கவும் கூடும். கடைக்காரர் பொய் சொன்னது ஊசியைப் பற்றி அல்ல, தமக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் பற்றி. 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழியடைத்தபோது, 'எப்போது வருமென்று தெரியாது' என்று சொல்ல எவரும் கூசவேண்டியிருக்கவில்லை. உலகமே அந்தப் படத்தைப் பார்த்துவிட்டது. தடை கண்ணுக்குத் தெரியாதபோதுதான் 'தெரியாது' என்ற சொல் தொண்டையைவிட்டு வர மறுக்கிறது.

ஆனால் கடைக்காரரை மட்டும் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. "பத்து நாள் ஆகும் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?" என்று நண்பரைக் கேட்டேன்.

"அடுத்த கடைக்குப் போயிருப்பனுங்க."

"அங்கே?"

சிரித்தார். "அவரும் நாளைக்குன்னுதான் சொல்லுவாருங்க."

ஆக, அந்தப் பொய்யை வாங்குகிறவரும் பாதி விலை கொடுத்துத்தான் வாங்குகிறார். இருவரும் மனமொத்துச் செய்துகொண்ட காரியம் என்று விட்டுவிடலாம். மூன்றாவது ஆள் ஒருவர் இல்லாதிருந்தால்.

அந்த ஊரில் நூல் ஓரிடத்தில் துணியாகும். இன்னோரிடத்தில் சாயம் ஏறும். வேறோரிடத்தில் வெட்டித் தைக்கப்படும். துணி வராவிட்டால் பவர்டேபிளில் தைப்பவர்களுக்கு வேலையில்லை. பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கு வேலையில்லாத நாள் கூலியில்லாத நாள். பத்து நாள் என்று தெரிந்தால் ஒருத்தி வேறு கம்பெனியில் தைத்துவிட்டு வருவாள். ஊருக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வருவாள். 'நாளைக்கு' என்றதனால் தினமும் காலையில் வந்து, பத்து மணி வரை உட்கார்ந்திருந்து, திரும்பிப் போகிறாள். கடைக்காரருக்கு மிச்சமானது இரண்டு நிமிஷச் சங்கடம். அவளுக்கும் ஒன்று மிச்சமாயிற்று என்று வேண்டுமானால் சொல்லலாம்: சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் கிடையாது.