பால்மரத்தின் வளைவு

1715இல் பதினான்காம் லூயி மறைந்தார். வெர்சாய் அரண்மனையில் அவரைச் சுற்றியே வாழ்ந்த பிரபுக்கள் பாரிசுக்குத் திரும்பி வீடு கட்டிக்கொண்டார்கள். அறைகள் சிறுத்தன. நாலு பேர் முகம் பார்த்துப் பேச இடம் வந்தது. அதற்கேற்ப நாற்காலியும் இளகியது: கால் வளைந்தது, சட்டத்தில் சிப்பியும் கொடியும் படர்ந்தன. ரொக்கோக்கோ எனப்படும் அந்தப் பாணி, வீட்டுக்குள் வளர்ந்த கலை.

*

அந்த வளைந்த நாற்காலிக் காலை ஜொகூரில் பல வீடுகளில் பார்க்கிறேன். மேலே முழங்கால்போல் புடைத்து, கீழே மெலிந்து, தரை தொடுமுன் சற்றே வெளியே திரும்பும் கால். மலேசியாவிலிருந்து ஏற்றுமதியாகும் தளவாடங்களில் பெரும் பங்கு ஜொகூரின் மூவாரில் உருவாகிறது. அங்குள்ள பட்டறைகளில் அதிகம் புழங்குவது நம் பால்மரம், அதாவது ரப்பர் மரம்.

*

இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் பால் வற்றிய மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்வார்கள். முன்பெல்லாம் அது விறகாகத்தான் போனது. மாச்சத்து மிகுந்த மரம். பூஞ்சணமும் வண்டும் சீக்கிரம் பற்றும். போரான் மருந்தை அழுத்தி ஏற்றிச் சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகே, 1980களில் அதற்கு மதிப்பு கூடியது. நீண்ட பலகை அதில் அரிது. சிறு துண்டுகளை முனையில் பல்வெட்டிப் பசையிட்டுச் சேர்க்கிறார்கள். அப்படிச் சேர்த்த கட்டையிலிருந்தும் வளைவை அறுத்தெடுக்கலாம்.

*

1753இல் ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த், அழகின் கோடு பாம்புபோல் நெளிவது என்று ஒரு நூலே எழுதினார். எனக்குப் பால்மரப் பட்டையின் வெட்டு நினைவுக்கு வருகிறது. இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, மரத்தைப் பாதி சுற்றி, பால் சேரும் மங்கில் முடியும் கோடு. ஆழம் குறைந்தால் பால் குறையும். கூடினால் மரம் காயப்படும், புதுப்பட்டை முடிச்சிட்டு வளரும். விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, நிரை நிரையாக நம் பாட்டிகள் இழுத்த கோடு அது. வளைவை அவர்கள் கை நன்றாகவே அறிந்திருந்தது.

*

அந்தப் பாட்டிகள் வாழ்ந்த லயத்து வீட்டில் பாயும் பலகையும் இருந்தன. நாற்காலி துரைக்கும் கிராணிக்கும் உரியது. தோட்டங்கள் கைமாறி, குடும்பங்கள் தாமான் வீடுகளுக்கு வந்தபோது, பலர் ஆசையாய் வாங்கியது பொன்னிறச் சட்டமும் வளைந்த காலும் கொண்ட சோபா. படித்த பிள்ளைகள் அதைப் பகட்டு என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலமெல்லாம் நின்றும் குனிந்தும் உழைத்தவர்கள், உட்காரும் இடம் அழகாக இருக்க வேண்டும் என்று விரும்பினார்கள். அந்த விருப்பத்தில் முழு நியாயம் இருக்கிறது.

*

பழைய சோபாவை மாற்ற நினைக்கும் வீட்டாரிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். கடைக்குப் போகுமுன் பெரியவர்களை அதில் உட்காரவைத்து, எந்தத் தோட்டம், எத்தனை மரம், எந்த வயதில் உளி பிடித்தார்கள் என்று கேளுங்கள். வீட்டில் எதை வைத்துக்கொள்வது என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.