கடனும் நம்பிக்கையும்

தமிழில் 'கடன்' என்னும் சொல் இரு பொருள் தருவது. பிறரிடம் வாங்கித் திருப்பித் தர வேண்டிய பணமும் கடன். ஒருவன் செய்தே தீர வேண்டிய கடமையும் கடன். வாங்கியதைத் திருப்பித் தருதல் கொடுத்த வாக்கைக் காத்தலாகும். கடமையைச் செய்தலும் ஒரு வாக்கைக் காத்தலே. அதனாற்றான் இரண்டும் ஒரே சொல்லுள் அடங்கின போலும். ஆயின், பணக்கடனைத் தீர்க்க இயலாத ஒருவன் மற்றக் கடமைகளிலும் தவறியே தீருவான் என்று முடிவு கட்டுவது அறமாகுமா? வறுமையும் நாணயமின்மையும் ஒன்றுதானா?

இவ்வினா வெறும் ஏட்டு வினா அன்று. ஆசிரியர்களாகிய நம்முள் பலர் அரசு ஊழியர்கள். மலேசியாவில் 1993ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகள், பிணையில்லாக் கடன் மாத ஊதியத்தைப் போல் 10 மடங்கைத் தாண்டினால் அதனைக் கடுமையான கடன் நிலை என்று வரையறுத்தன. சிங்கப்பூர் அரசுப் பணியில் அவ்வெல்லை 3 மாத ஊதியமாக வகுக்கப்பட்டது. ஊழியனின் வீட்டுக் கணக்கை அரசு ஏன் கேட்க வேண்டும் என்று நம்மில் சிலர் முணுமுணுத்ததுண்டு. இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுந்த நாடு அமெரிக்கா. ஆதலின் அந்நாட்டு நடைமுறையை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

அமெரிக்க அரசின் மறைபொருள்களைக் கையாளும் பணிக்குச் செல்வோர் பாதுகாப்பு அனுமதி பெறுதல் வேண்டும். 2017 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த நெறிமுறைகள், விண்ணப்பதாரரை 13 தலைப்புகளின்கீழ் ஆராயப் பணிக்கின்றன. வேற்று நாட்டுத் தொடர்பு, குடிப்பழக்கம், குற்றச்செயல் போன்றவற்றோடு பண நிலைமையும் அவற்றுள் ஒன்று. விண்ணப்பதாரர்கள் நெடுங்காலம் நிரப்பி வந்த 86ஆம் எண் படிவம், கடந்த 7 ஆண்டுகளில் 120 நாளுக்குமேல் தவணை தவறிய கடன் உண்டா என்று வினவியது. இவ்வளவு கடன் இருந்தால் அனுமதி இல்லை என்று தொகை எதுவும் அந்நெறிமுறைகளில் குறிக்கப்படவில்லை. இதனை நாம் நினைவில் இருத்துதல் வேண்டும்.

கடனைக் கண்டு அரசு அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. ரொனால்ட் பெல்டன் என்பவர் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையில் 14 ஆண்டுகள் பணியாற்றியவர். 1979இல் அவர் நொடித்துப் போனதாக நீதிமன்றத்தில் பதிவு செய்தார். அதே ஆண்டில் பணியினின்றும் விலகினார். 1980 ஜனவரியில் வாஷிங்டனிலிருந்த சோவியத் தூதரகத்தின் படியேறினார். கையில் ஓர் ஆவணமும் இல்லை. நினைவில் இருந்தவற்றையே விற்றார். கடலடித் தொலைபேசிக் கம்பியை அமெரிக்கர் ஒட்டுக் கேட்டு வந்த பெருந்திட்டம் அதனால் பாழாயிற்று. அவர் பெற்றது ஏறத்தாழ 35,000 அமெரிக்க வெள்ளி. 1986இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

சி.ஐ.ஏ. அதிகாரி ஆல்டிரிச் ஏம்ஸ், மணவிலக்கால் வந்த பண நெருக்கடியில் 1985 ஏப்ரலில் சோவியத்துக்கு முதன்முறையாக மறைபொருளை விற்றார். முதலில் பெற்றது 50,000 வெள்ளி. நெருக்கடி தீர்ந்த பின்னரும் அவர் நிறுத்தவில்லை. 1989இல் 540,000 வெள்ளி மதிப்புள்ள வீட்டைக் கடனின்றி ரொக்கமாகவே வாங்கினார். 1994இல் பிடிபடும்வரை விற்பனை நடந்தது. அவர் காட்டிக் கொடுத்தவர்களுள் பலர் உயிரிழந்தனர். ஏம்ஸின் வாழ்வில் கடன் வாயிலைத் திறந்தது. பேராசையோ உள்ளே புகுந்து தங்கிவிட்டது. எனவேதான் விளக்க இயலாத கடனைப் போலவே, விளக்க இயலாத செல்வத்தையும் அந்நெறிமுறைகள் ஐயத்துடன் நோக்குகின்றன.

இவ்விரு சான்றுகளை மட்டும் வைத்துக் கடனாளிகள் அனைவரும் ஐயத்துக்குரியவர்கள் என்று கூறிவிடலாமா? கூறலாகாது. அமெரிக்கப் படைத்துறைப் புலனாய்வு அமைப்பில் உயர்நிலையில் இருந்த அனா மான்டெஸ், கொள்கைப் பற்றினால் பல ஆண்டுகள் கியூபாவுக்கு உளவு பார்த்து 2001இல் கைதானார். காசு அவரை இழுக்கவில்லை. கடன் பதிவேட்டை மட்டும் பார்த்திருப்பின் அவர் நம்பத்தக்கவராகவே தோன்றியிருப்பார். மறுபுறம், மனைவியின் நோய்க்கும் மகனின் படிப்புக்கும் கடன்பட்டு, ஒரு பொழுதும் வாய்மை பிறழாது வாழ்ந்து மறைந்த எத்தனையோ எளியவர்களை நாம் தோட்டப்புறங்களிலேயே கண்டிருக்கிறோம். கடன் தனியே நின்று ஒருவனது உள்ளத்தைக் காட்டுவதில்லை.

அங்ஙனமாயின் அதனை ஆராய்வதன் பயன் யாது? கடன் எவ்வாறு வந்தது, வந்தபின் அம்மனிதன் என் செய்தான் என்னும் இரண்டையும் அறிவதே பயன். வேலை இழப்பு, எதிர்பாரா நோய், மணமுறிவு, குடும்பத்தில் இறப்பு, கொடிய வட்டிக்காரரின் வஞ்சனை ஆகியவற்றால் கடன் வந்திருப்பின் அமெரிக்க நெறிமுறைகள் அதனைக் கருத்திற்கொள்ளுகின்றன. ஆனால் அதனோடு நின்றுவிடுவதில்லை. அத்துன்ப நிலையிலும் அவன் பொறுப்புடன் நடந்தானா, கடன் கொடுத்தவரை நாடித் தவணை பேசினானா, சிறிதளவேனும் திருப்பிச் செலுத்தி வந்தானா என்று வினவுகின்றன. தலையில் விழுந்த துன்பத்துக்கு ஒருவன் பொறுப்பாளி அல்லன். துன்பத்தின் நடுவே தான் எடுத்த அடிகளுக்கு அவனே பொறுப்பாளி.

இங்கு ஒரு நுட்பமும் உண்டு. குறித்த ஆண்டுகள் கடந்துவிட்டால் பழங்கடனுக்காக வழக்குத் தொடுக்க இயலாது என்பது சட்டம். 'காலம் கடந்துவிட்டது; இனி நான் தர வேண்டியதில்லை' என்று கடனாளி சொல்லலாம். நீதிமன்றம் அதனை ஏற்கும். ஆனால் பாதுகாப்பு அனுமதியை மறுத்தமைக்கு எதிரான மேல்முறையீடுகளைக் கேட்கும் அமெரிக்க வாரியம், அவ்வாறு காலக்கெடுவின் பின்னே ஒதுங்கி நிற்றல் நன்னோக்குடன் கடன் தீர்க்கும் முயற்சியாகாது என்று கருதியுள்ளது. சட்டம் முடித்துவைத்த கணக்கை நம்பிக்கை முடித்துவைப்பதில்லை. வழக்குக்கு அஞ்சி மட்டும் வாக்கைக் காப்பவன், யாரும் காணாத அறையில் மறைபொருளை எவ்வாறு காப்பான் என்பதே அவ்வாரியம் எதிர்நோக்கும் வினா.

கடனினும் கொடியது கடனை மறைத்தல். படிவத்தில் வேண்டுமென்றே பொய் எழுதுதல் அமெரிக்கச் சட்டப்படி 5 ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம். தண்டனை ஒருபுறமிருக்க, மறைப்பவன் தன்னைத்தானே அடிமையாக்கிக் கொள்ளுகிறான். அவனது மறைவை அறிந்த எவரும் அவனை மிரட்டலாம். வெளிப்பட்டுவிட்ட கடனை வைத்து எவரும் மிரட்ட இயலாது.

இதுகாறும் கூறியவை கடனாளியின் கடமை பற்றியன. இனி அரசின் கடமையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பாதுகாப்பு அனுமதி எவருக்கும் உரிமை அன்று என 1988இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐயம் நீடிக்குமாயின் நாட்டுப் பாதுகாப்பின் பக்கமே முடிவு செய்தல் வேண்டும் என்பது அந்நாட்டின் நெறி. நாட்டின் நோக்கில் இது சரியே. ஆயினும், கடனால் அனுமதி இழந்தவன் வேலையையும் இழக்கிறான். வேலை இழந்தவன் கடனை எதைக் கொண்டு தீர்ப்பான்? கடனை அஞ்சி வகுத்த விதியே அவனைக் கடனில் ஆழ்த்துகிறது.

மேலும், பெல்டனை மீண்டும் நினைத்துப் பார்ப்போம். அவர் தூதரகம் சென்றபோது முகமையின் ஊழியர் அல்லர். பணி அவரை விட்டு நீங்கியது, மறைபொருள் நீங்கவில்லை. வாயிலுக்கு வெளியே சென்றுவிட்ட கடனாளி, உள்ளே இருப்பவனைக் காட்டிலும் பாதுகாப்பானவன் என்று சொல்லுவதற்கில்லை. அவர் செய்த குற்றத்தை இது சிறிதும் குறைக்காது. ஆனால் நொடித்தவனை வெளியே விடுவதோடு ஓர் அமைப்பின் கவலை தீர்ந்துவிடுவதில்லை என்பதை இது காட்டுகிறது.

வகுப்பறையில் நாம் அறிந்த செய்திதான் இது. சன்னற் கண்ணாடியை உடைத்த மாணவன் தானே முன்வந்து ஒப்புக்கொள்ளும்போது பிரம்பை எடுத்தோமாயின், அடுத்த கண்ணாடி உடைந்தபோது எவனும் முன்வரமாட்டான். உண்மை சொன்னவனுக்கும் மறைத்தவனுக்கும் ஒரே தண்டனை என்றால், மறைப்பதையே நாம் கற்பிக்கிறோம். அனுமதி மறுக்கப்படுவோர்க்குக் காரணத்தை எழுத்தில் தரவும், மறுமொழி கூறவும் முறையிடவும் வாய்ப்பளிக்கவும் 1995இல் அமெரிக்க அதிபர் ஆணை வழிசெய்தது. கடன் ஆலோசனை பெற்று நிலைமையைச் சீர்செய்வோரின் முயற்சியும் கருதப்படுகிறது. இவை சலுகைகள் எனக் கொள்வதற்கில்லை. ஒப்புக்கொள்ளுவோர்க்கு வழி இருந்தால்தான் அரசுக்கு உண்மை வந்து சேரும். நம் நாட்டு விதிகளையும் இந்நோக்கில் நாம் மதிப்பிடலாம்: அவை ஊழியனை வாய் திறக்கச் செய்கின்றனவா, வாய்மூடச் செய்கின்றனவா?

வள்ளுவர் 'தெரிந்துதெளிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஒருவனைத் தேர்வதற்குமுன் ஆராய வேண்டியவற்றுள் பொருளையும் ஒன்றாக வைத்தார். ஆராயாது நம்புதலையும், ஆராய்ந்து தெளிந்தபின் ஐயுறுதலையும் அவர் ஒருங்கே கடிந்தார். ஆராய்தல் என்பது குற்றம் தேடுதல் மட்டுமன்று. மனிதனை முழுமையாக அறிதலும் ஆகும்.

ஆகவே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இவ்வாறு விடை கூறலாம். கடன்படுதல் இழுக்கன்று. கடனை முகத்துக்கு முகம் நோக்கி, 'இது என்னுடையது, இதனைத் தீர்ப்பேன்' என்று சொல்லும் துணிவு உடையவன் நம்பத்தக்கவன். அவ்வாறு சொல்லுபவனை அச்சுறுத்தாது செவிமடுத்தல் அவனை ஆராயும் அரசின் கடன். முதற்கடன் பணத்தால் தீரும். பின்னது நேர்மையான விசாரணையால் மட்டுமே தீரும்.