தாடலை: சேர்வதா, கரைவதா?



எமது பிள்ளைகள் இங்கு பாடசாலையில் இத்தாலிய மொழியோடு ஆங்கிலமும் கற்கிறார்கள். அவர்களது ஆங்கில அகராதியைப் புரட்டினால், சேர்த்தல் என்ற ஒரு கருத்துக்கே பல சொற்கள் இருப்பதைக் காணலாம். கடலையும் பருப்பும் ஒரு பாத்திரத்தில் சேர்ந்தால் அது மிக்ஸ். வேண்டுமானால் திரும்பவும் பொறுக்கிப் பிரிக்கலாம். வெவ்வேறு தோட்டத்துத் தேயிலைகளைச் சுவைக்காகக் கலப்பது பிளெண்ட். பலகையோடு பலகையைப் பொருத்துவது ஜொயின். சிறிய கம்பனி பெரிய கம்பனியோடு சேர்ந்து தன் பெயரை இழப்பது மேர்ஜ்.

இவற்றுக்கும் மேலாக, எம்மைப் போல் நாடு விட்டு நாடு வந்தவர்களுக்கென்றே பயன்படும் சொற்கள் இரண்டு உண்டு: இன்ரகிரேற், அசிமிலேற். இரண்டும் லத்தீன் வழி வந்தவை. இத்தாலிய மொழியிலும் வழங்குபவை. முன்னதன் வேர்ச்சொல்லுக்கு முழுமையானது என்று பொருள். பின்னதன் வேர்ச்சொல்லுக்கு ஒத்தது என்று பொருள். உடம்பு உணவைத் தன்மயமாக்கிக் கொள்வதையும் இப்பின்னைய சொல்லாலேயே குறிப்பர். உண்ட சோறு உடம்பாகிவிட்ட பின் சோறு எங்கே என்று கேட்க முடியுமா?

ஆகவே, "இந்நாட்டோடு சேர்ந்து வாழுங்கள்" என்று எமக்குச் சொல்லப்படும்போது, எந்தச் சேர்க்கை என்று கேட்பது சொல்லாராய்ச்சி மட்டுமன்று. அது ஓர் அறக் கேள்வி.

பலெர்மோவின் பழைய வரலாறு இதற்கு ஓர் எச்சரிக்கை தருகிறது. இங்குள்ள ஸீசா மாளிகை அருங்காட்சியகத்தில் 1149ஆம் ஆண்டுக் கல்லறைக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. மதகுரு ஒருவர் தமது தாய் அன்னாவின் நினைவாக வைத்தது. லத்தீன், கிரேக்கம், அரபு ஆகியவற்றோடு, எபிரேய எழுத்தில் எழுதிய அரபும் அக்கல்லில் உண்டு. பார்க்க எவ்வளவு அழகான ஒற்றுமை! ஆனால் அடுத்த நூற்றாண்டில் இரண்டாம் பிரெடெரிக் மன்னர் சிசிலி முஸ்லிம்களைத் தென் இத்தாலியின் லுசேரா நகருக்குக் குடிபெயர்த்தார். 1492இல் யூதர்களை வெளியேற்றும் அரச கட்டளை வந்தது. ஒரே கல்லில் அருகருகே இருப்பது மட்டும் சேர்க்கை ஆகிவிடாது.

அப்படியானால் உண்மையான சேர்க்கை எது? எமது இலக்கணம் இதற்கு விடை வைத்திருக்கிறது. இரு சொற்கள் சேர்வதைப் புணர்ச்சி என்பர். முதலில் நிற்பது நிலைமொழி. வந்து சேர்வது வருமொழி. பொன்னும் மலையும் பொன்மலை என இயல்பாகவே சேரும். பூவும் கொடியும் சேர்ந்தால் பூங்கொடி என ஓர் எழுத்துத் தோன்றும். பொன்னும் குடமும் பொற்குடம் எனத் திரியும். மரமும் வேரும் மரவேர் என ஓர் எழுத்துக் கெடும். இவற்றில் இரண்டு உண்மைகள் உள்ளன. ஒன்று, மாற்றம் சந்திக்கும் ஓரத்தில்தான் நிகழ்கிறது; சொற்களின் பொருள் அழிவதில்லை. மற்றது, வந்த சொல் மட்டும் மாறுவதில்லை. இவ்வுதாரணங்களில் திரிந்ததும் கெட்டதும் நிலைமொழியின் எழுத்தே!

பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார், ஆன்மா சிவத்தோடு கூடும் முத்தி நிலைக்குத் திருவருட்பயனில் இப்படியான ஒரு சொல்லையே உவமையாக எடுத்தார். தாளும் தலையும் சேர்ந்த தாடலை என்ற சொல் அது. முன்சொல்லின் கடைசி எழுத்தும் பின்சொல்லின் முதலெழுத்தும் தம் உருவை விட்டு ஓரெழுத்தாகின்றன. கேட்பவருக்கு அது ஒரே சொல். ஆயினும் திருவடியும் அடியவன் தலையும் அங்கே உண்டு. இறைவனோடு கூடுவதிலேயே ஆன்மா அழிவதில்லை என்பது சைவசித்தாந்தம். அவ்வாறிருக்க, ஒரு நாட்டோடு கூடுவதற்கு நாம் ஏன் அழிய வேண்டும்?

இந்த அளவுகோல் எம்மையும் அளக்கும். மொன்ரே பெல்லெகிரினோ மலையிலுள்ள சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு எம்மவர், கத்தோலிக்கரும் சைவரும், ஏறிச் செல்வது இவ்வூர் அறிந்த காட்சி. இது சரியோ என்று சிலர் கேட்பர். "எல்லாம் ஒன்றுதான், அவவும் எங்கட அம்மன்தான்" என்று சிலர் பதில் சொல்வர். நல்லெண்ணத்துடன் சொல்வதுதான். ஆனால் எம்மை யாரும் விழுங்கிவிடக் கூடாது என்று அஞ்சும் நாமே, அவர்களது புனிதரை எமது அம்மனுக்குள் விழுங்கலாமா? ரொசாலியா ரொசாலியாவாகவே இருக்கட்டும். நாம் சைவராகவே சென்று தலை வணங்குவோம். அதுவே தாடலை.

வீட்டிலும் இப்படியே. பிள்ளை தமிழ் வசனத்தில் இரண்டு இத்தாலியச் சொற்களைக் கலந்து பேசினால் அது ஓரத்தில் நிகழும் திரிபு. அதற்காகச் சிரித்தும் ஏசியும் பிள்ளையின் வாயை அடைத்துவிடாதீர்கள். வெட்கப்பட்டுத் தமிழையே விட்டுவிட்டால் கெடுவது ஓரமன்று, சொல்லே. எது ஓரம், எது உயிர் என்று பெற்றோர் மட்டும் தீர்மானித்துவிடவும் முடியாது. பிள்ளைகளை அருகில் இருத்திக் கேட்க வேண்டும். அவர்கள்தாம் அந்த இரு சொற்களும் சந்திக்கும் இடம்.

கூடி வாழவும், கூடியும் குலையாதிருக்கவும் எல்லாம்வல்ல சிவபெருமான் திருவருள் துணைநிற்பதாக.