சமாதானம் சொல்லாத கடவுள்

தமிழில் 'சமாதானம்' என்ற சொல் இரண்டு வேலை பார்க்கிறது. தேவாலயத்துக்குள் அது ஷாலோம் என்ற எபிரேயச் சொல்லின் இடத்தில் நிற்கிறது. அமைதி, நலம், குறைவில்லாத முழுமை என்று எல்லாம் அதில் அடக்கம். வெளியே தெருவுக்கு வந்தால் கதை வேறு. மாட்டிக்கொண்டவன் சொல்வது சமாதானம். அழுகிற குழந்தைக்கு அம்மா சொல்வது சமாதானம். எழவு வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நாம் சொல்வதும் அதுதான். மனசு ஆறட்டும் என்று ஒட்டவைக்கிற ஒரு காரணம்.

பைபிளில் நிம்மதி கிடைக்கும் என்று வருகிறவர்களில் நிறைய பேர் தேடுவது இந்த இரண்டாவதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. எனக்கு மட்டும் ஏன் இப்படி நடந்தது? நான் எதுக்காக இருக்கேன்? பதில் தெரிந்துவிட்டால் தூக்கம் வரும் என்று நினைக்கிறோம். என் தொழிலில் இந்த வியாதி இன்னும் முற்றியது. சர்வர் விழுந்தால் 'ரூட் காஸ்' எழுதியாக வேண்டும், எழுதாமல் டிக்கெட்டை மூட விடமாட்டார்கள். இந்தப் பழக்கத்தோடு யோபுவின் புத்தகத்தைத் திறந்தால் பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது.

யோபுவின் பத்துப் பிள்ளைகளும் ஒரே நாளில் சாகிறார்கள். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று நண்பர்கள் வந்து ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படியே எழுந்து போயிருந்தால் அவர்களைவிட நல்ல நண்பர்கள் உலகத்தில் இல்லை என்றாகியிருக்கும். ஆனால் வாயைத் திறந்துவிட்டார்கள். நீ ஏதோ செய்திருப்பாய், கடவுள் சும்மா தண்டிப்பாரா என்று அதிகாரம் அதிகாரமாகச் சமாதானம். யோபு ஒத்துக்கொள்வதில்லை. கடவுளையே வழக்குக்கு இழுக்கிறார்.

கடைசியில் கடவுள் சூறாவளியிலிருந்து பேசும்போது காரணம் சொல்வதே இல்லை. முதல் அதிகாரத்தில் பரலோகத்தில் நடந்தது வாசகர்களுக்குத் தெரியும். யோபுவுக்குக் கடைசிவரை தெரியாது. அவருக்குக் கிடைப்பது காட்டுக்கழுதை, தீக்கோழி, நட்சத்திரம், பனி என்று வரிசையாகக் கேள்விகள். இது பதிலா, மிரட்டலா என்று கேட்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. எனக்கும் பாதி நாள் அப்படித்தான் படுகிறது. ஆனால் அதற்கடுத்து நடப்பதை யாரும் கவனிப்பதில்லை. கடவுளுக்கு வக்காலத்து வாங்கிய நண்பர்கள் மேல்தான் கடவுளுக்குக் கோபம். கத்தின யோபுதான் சரியாகப் பேசினார் என்கிறார். பிறகு, உன்னைக் குத்திக்காட்டிய அந்த மூன்று பேருக்காக நீயே ஜெபம் பண்ணு என்று ஒரு வேலை. அந்த ஜெபத்துக்குப் பிறகுதான் யோபுவின் நிலை மாறுகிறது.

'உன் வாழ்க்கைக்கு ஒரு திட்டம் இருக்கிறது' என்ற ஆறுதலுக்கு வருவோம். புத்தாண்டு இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். அதில் எரேமியா 29:11 அடிக்கடி வரும். தனியாகப் படித்தால் சீக்கிரமே வேலை கிடைக்கும், விசா வரும் என்கிற மாதிரி இருக்கும். அது ஒரு கடிதத்தின் நடுவிலிருந்து பிய்த்தெடுத்த வசனம். கி.மு. 597-இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதியது. அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி, இன்னும் இரண்டே வருஷம், எல்லாம் திரும்பி வரும் என்கிறார். கூட்டத்துக்கு அவரைப் பிடித்திருக்கும், எனக்கும் பிடித்திருக்கும். எரேமியா சொன்ன கணக்கு 70 வருஷம். அதாவது கடிதத்தைக் கையில் வாங்கினவர்களில் பெரும்பாலோர் அங்கேயே செத்துப்போவார்கள். உங்களுக்காக வைத்திருக்கிற திட்டம் என்று சொல்லப்படுவது இவர்களிடம்தான்.

அதுவரை என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள். இதுவரை சரி. அதற்கடுத்து, உங்களைப் பிடித்துக்கொண்டு வந்த அந்த ஊரின் சமாதானத்தைத் தேடுங்கள், அதில்தான் உங்கள் சமாதானம் இருக்கிறது என்கிறார். நான்கு வசனம் தள்ளி, அட்டையில் அச்சாகிற வசனத்திலும் அதே சொல்தான். மூலத்தில் இரண்டு இடத்திலும் ஷாலோம். எதிரியின் ஊர் நல்லா இருக்கணும் என்று உழைப்பதுதான் நோக்கம், அமைதி அதற்குள்ளேதான் வந்தாகணும். தியானம் பண்ணி, மனசைத் துடைத்து, ஆப் வைத்து மூச்சை எண்ணி அடைகிற அமைதி இல்லை இது. அதை நான் குறை சொல்லவில்லை, நானும் எண்ணுகிறேன்.

அப்படி உழைத்தால் அமைதி வந்துவிடுமா? இங்கேதான் எனக்கு அன்னை தெரசா தொந்தரவு கொடுக்கிறார். 1946-இல் டார்ஜிலிங் போகிற ரயிலில் ஏழைகளிடம் போ என்று அழைப்பு கேட்டதாகச் சொன்னவர். 1950-இல் சபை தொடங்கினார், 1979-இல் நோபல் அமைதிப் பரிசு வாங்கினார். 2007-இல் அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் புத்தகமாக வந்தபோதுதான், ஏறக்குறைய அந்த வேலை ஆரம்பித்த நாளிலிருந்தே கடவுள் இருப்பதை உள்ளுக்குள் உணராமலே அவர் வாழ்ந்தது பரவலாக வெளியே தெரிந்தது. அந்தக் கடிதங்களை அழித்துவிடச் சொல்லிக் கேட்டிருந்தார். நம்பிக்கை இல்லாதவர்கள், பார்த்தீர்களா, எல்லாம் வேஷம் என்றார்கள். சபையோ, இது புனிதர்களுக்கு வருகிற இருள் என்று உடனே ஒரு சமாதானம் சொல்லிவிட்டது. எனக்கு இரண்டுமே அவசரமாகப் படுகின்றன. (அவருடைய இல்லங்களின் மருத்துவத் தரம் பற்றிய விமர்சனங்கள் நியாயமானவை என்றே நினைக்கிறேன். அது வேறு கட்டுரை.)

நோக்கம் இருந்தது, அமைதி இல்லை. பைபிள் இரண்டையும் சேர்த்தே தரும் என்று சொல்கிற போதகர்கள் இந்த வாழ்க்கையை எங்கே வைப்பார்கள் என்று தெரியவில்லை. நானும் இதை ஜெயித்த கதையாகச் சொல்ல மாட்டேன். ஐம்பது வருஷம் பதில் வராத ஒருவரிடம் போய், அதான் உங்களுக்கு வேலை இருந்ததே என்று சொல்ல எலிப்பாஸால்தான் முடியும். ஆனால் எரேமியாவின் கடிதத்தைத் திரும்ப வாசிக்கும்போது ஒன்று கண்ணில் படுகிறது. அந்த ஊரின் சமாதானத்தைத் தேடுங்கள் என்றவர், தேடும்போது உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எழுதவில்லை.

1958 அக்டோபரில் சில வாரங்கள் மட்டும் அந்த இருள் விலகியதாகத் தெரசா எழுதியிருக்கிறார். பிறகு திரும்பி வந்துவிட்டது. காளிகாட்டில் சாகக் கிடப்பவர்களுக்கான இல்லம் அப்போது ஆறு வருஷமாக நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகும் நடந்தது.